சம்பா பயிர் தூர் கட்டவில்லை, அடி இலையில் துருப் புள்ளி: ஜிங்க் குறைதானா?

கோரையாறு

வணக்கம். மன்னார்குடி பக்கம், நல்ல களிமண். சி.ஆர். 1009 சப்-1 நெல் ரகம் நட்டு மூன்று வாரம் தாண்டிவிட்டது. ஆற்றுத் தண்ணீர் முறை வைத்து வருவதால் இடையில் போர் தண்ணீரும் பாய்ச்சுகிறேன். அடியுரமாக டிஏபியும் பொட்டாஷும் போட்டேன், இந்த வயலில் பல வருடமாக அதுதான் வழக்கம்.

வயல் முழுக்க ஒரே மாதிரி இல்லை. மேட்டுப் பக்கம் பச்சையாகத் தூர் கட்டி நிற்கிறது. பள்ளத்துப் பக்கம் ஒரு மா (ஏறக்குறைய மூன்றில் ஒரு ஏக்கர்) அளவுக்குப் பயிர் குட்டையாக நின்றுவிட்டது. அடி இலைகளில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள். சில குத்துகளில் புள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்து இலையே காய்ந்து தண்ணீரில் படுத்துக் கிடக்கிறது. புது இலையைப் பிரித்துப் பார்த்தால் அடிப்பக்கம் நடு நரம்பை ஒட்டி வெளுத்திருக்கிறது. மேலுரமாக யூரியா போட்டும் மாற்றம் இல்லை.

உரக்கடையில் 'எல்லாச் சத்தும் இதில் இருக்கு' என்று ஒரு லிட்டர் நுண்ணூட்ட பாட்டிலும், கூடவே ஒரு மூட்டை டிஏபியும் எடுக்கச் சொல்கிறார்கள். வாங்குவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நடவுக்காலம்

தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ வைரஸ் நோயாக இருக்கும் அண்ணே. எங்கள் பக்கம் போன வருடம் இப்படித்தான் குட்டையாக நின்றது. பச்சைத் தத்துப்பூச்சிக்கு மருந்து அடித்துவிடுங்கள்.

மண்_ஆய்வகம்

தம்பி கோரையாறு, மருந்து எதையும் வாங்குவதற்கு முன் வயலில் இறங்கிச் சிலவற்றைப் பாருங்கள். நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இலையின் நிறத்தை மட்டும் கேட்டுவிட்டுப் பெயர் சூட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நீங்கள் நன்றாகவே கவனித்து எழுதியிருக்கிறீர்கள்.

துங்ரோ என்றால் இலை நுனியிலிருந்து மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து கீழே இறங்கும். தத்துப்பூச்சி நடமாட்டம் இருக்கும். வயலில் அங்கங்கே திட்டுத் திட்டாக வரும், மேடு பள்ளம் பார்க்காது. தழைச்சத்துக் குறை என்றால் அடி இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகும், புள்ளி இருக்காது, யூரியா போட்ட ஒரு வாரத்தில் முகம் மாறும். பழுப்புப் புள்ளி நோயாக இருந்தால் ஒவ்வொரு புள்ளியும் எள் மாதிரி நீள்வட்டமாக, ஓரம் தெளிவாக, நடுவில் வெளிறி இருக்கும்.

நீங்கள் சொல்வது வேறு. நட்ட இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரத்துக்குள் வருகிறது, பள்ளத்தில் அதிகம், அடி இலையில் ஓரம் தெளியாத துருக்கறை, இளம் இலையின் அடியில் நடு நரம்பு வெளுப்பு, தூர் இல்லை. ஐந்தும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் துத்தநாகக் (ஜிங்க்) குறைதான்.

ஆனால் ஒரு குத்தைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் கறுத்து, முகர்ந்தால் அழுகிய முட்டை வாடை அடித்தால் கந்தக நச்சும் கூடவே இருக்கிறது. அப்போது முதல் வேலை தண்ணீரை வடிப்பது. எந்தச் சத்தைத் தெளித்தாலும் அதற்கு அடுத்துத்தான்.

இன்னொன்று. மேலுரமாக டிஏபி போடவே வேண்டாம். அதில் இருக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) கூடக் கூடப் பயிர் துத்தநாகத்தை எடுப்பது குறையும். உங்கள் குறையை வளர்க்கிற பொருளையே மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

கோரையாறு

ஐயா, வேரைப் பார்த்தேன். பள்ளத்தில் கொஞ்சம் கறுத்திருக்கிறது, வாடை லேசாக இருக்கிறது. மேட்டில் வேர் வெள்ளையும் செம்பழுப்புமாக நன்றாக இருக்கிறது. ஒரே வயல், ஒரே உரம், ஒரே நாற்று. அப்படியிருக்கப் பள்ளத்து மண்ணில் மட்டும் துத்தநாகம் இல்லாமல் போகுமா?

மண்_ஆய்வகம்

போகாது. இந்தக் கேள்விதான் இந்த விஷயத்தின் வேர். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் பள்ளத்து மண்ணை முழுக்கக் கரைத்து அளந்தால் அதிலும் துத்தநாகம் இருக்கும், பல போகத்துக்குக் காணும். பயிருக்குத் தேவை மண்ணில் இருப்பது அல்ல, வேரைச் சுற்றியுள்ள நீரில் கரைந்திருப்பது. அந்த இரண்டும் ஆயிரம் மடங்கு வித்தியாசப்படலாம். கரைவதைத் தீர்மானிப்பவை மண்ணின் கார அமில நிலை (பிஎச்), சுண்ணாம்பு, காற்றோட்டம், கரிமப் பொருள், மணிச்சத்து ஆகியவை. பிஎச் ஒரு புள்ளி ஏறினால் மண் நீரில் துத்தநாகம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடும். இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகும். 6.5-ல் இருந்த மண்ணுக்கும் 8.5-ல் இருக்கும் மண்ணுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும் பள்ளத்தில் காற்று இல்லை. நுண்ணுயிர்கள் விடும் கரியமில வாயு நீரில் தங்கி பைகார்பனேட்டாகிறது, அது வேரின் வேலையைக் கெடுக்கிறது. போர் தண்ணீரிலும் பைகார்பனேட் இருந்தால் மேலும் கேடு. காற்றில்லாத மண்ணில் கந்தகம் சல்பைடாக மாறி துத்தநாகத்தைக் கரையாத உப்பாக்கிவிடும். மேட்டில் அவ்வப்போது தண்ணீர் வற்றி மண் மூச்சு விடுகிறது, அதனால் அங்கே பயிர் தப்பித்தது.

ஆகவே செய்ய வேண்டியது: பள்ளத்துத் தண்ணீரை வடித்து, மண்ணில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு ஓடும்வரை இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். பிறகு 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா கரைத்து இலை நனையத் தெளியுங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் ஒரு கிலோ ஜிங்க் சல்பேட், இரண்டு கிலோ யூரியா. பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. ஒரு கீற்று மட்டும் தெளிக்காமல் விட்டுவைத்துப் பாருங்கள். புதிதாக வரும் இலை தெளித்த இடத்தில் சுத்தமாக வந்து, விட்ட இடத்தில் அப்படியே இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. எந்த ஆய்வகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

வேளாண்_மாணவி

கீற்று விட்டுப் பார்ப்பது பற்றி ஐயா சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது. நெல்லில் துத்தநாகக் குறை முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே நம் நாட்டில்தான். 1966-ல் பந்த்நகரில் ஒய்.எல். நெனே. இமயமலை அடிவாரத் தெராய் பகுதியில் நெல் இப்படித் துருநிறமாகிக் கருகியது, அங்கே 'கைரா' என்று சொல்வார்கள். நெனே பயிர் நோயியல் படித்தவர். நோயை எதிர்பார்க்கிற துறையிலிருந்து ஒருவர் வந்து 'இது கிருமி இல்லை, ஜிங்க் இல்லாதது' என்று காட்டினார். அப்போது வந்த பரிந்துரை ஹெக்டேருக்கு 5 கிலோ ஜிங்க் சல்பேட், 2.5 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு, 1000 லிட்டர் தண்ணீர். ஐயா சொன்ன டேங்க் கணக்கும் இதே அரை சதவீதம்தான். சுண்ணாம்புக்குப் பதில் யூரியா.

இந்தச் சத்துகளை மண்ணியல் உலகம் கண்டுகொண்டதே ரொம்பப் பிந்தித்தான். போரான் அவசியம் என்பதை 1923-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் கேத்ரின் வாரிங்டன் மொச்சை வகைச் செடியில் காட்டினார். மாலிப்டினம் 1939. நிக்கல் 1987, எங்கள் ஆசிரியர்கள் சிலர் மாணவர்களாக இருந்த காலம். அதனால் பழைய புத்தகத்தில் இல்லை என்பதால் செடிக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது.

பசுந்தாள்

எல்லோருக்கும் வணக்கம். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பல வருடமாக ஜிங்க் சல்பேட் என்ற பையே என் களத்துமேட்டுக்கு வந்ததில்லை. கோடையில் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுகிறேன், ஜீவாமிர்தம் பாய்ச்சுகிறேன், வைக்கோலை விற்பதில்லை. பயிர் நோயில்லாமல் நிற்கிறது. மண்ணில் எல்லாம் இருக்கிறது, உயிர்கள்தான் இல்லை. உயிர்களைக் கொண்டுவந்தால் கரைத்துக் கொடுக்கும். ஐயாவே 'மண்ணில் துத்தநாகம் இருக்கும்' என்று எழுதிவிட்டார். பிறகு எதற்குப் பையில் வாங்க வேண்டும்?

மண்_ஆய்வகம்

பசுந்தாள் சொல்வதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. கரிமப் பொருள் சிதையும்போது வரும் அமிலங்கள் துத்தநாகத்தையும் இரும்பையும் பிடித்துக் கரைந்த நிலையில் வைத்திருக்கும். வேரோடு வாழும் பூஞ்சைகள் எட்டாத தூரத்திலிருந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவரும். இதை வெறும் பேச்சு என்று ஒதுக்க மாட்டேன். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையே இதை ஏற்றுக்கொள்கிறது: ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் என்பது, பசுந்தாள் உரம் 6.25 டன் போட்டால் பாதியாக, 12.5 கிலோவாகக் குறைகிறது.

ஆனால் இரண்டு இடத்தில் மாறுபடுகிறேன். பசுந்தாள் தழையைத் தண்ணீர் வடியாத பள்ளத்தில் மடக்கி உழுதுவிட்டு உடனே நட்டால், அது அழுகும்போது மண்ணில் மிச்சமிருக்கும் காற்றையும் தின்றுவிடும். முதல் சில வாரத்துக்குத் துத்தநாகக் குறை கூடும், குறையாது. வடிகால் உள்ள வயலில் நல்லது செய்யும் அதே தழை, வடியாத வயலில் பயிரை மஞ்சளாக்கும். உங்கள் வயல் எது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது, நீங்கள் வைக்கோலை விற்பதில்லை என்கிறீர்கள். அதுதான் உங்கள் வெற்றியில் பாதி. ஒரு டன் நெல் விளைய, பயிர் சுமார் 50 கிராம் துத்தநாகம் எடுக்கிறது. அதில் பாதிக்கு மேல் வைக்கோலில் இருக்கிறது. இயந்திரத்தில் அறுத்து, வைக்கோலை உருளையாகக் கட்டி லாரியில் ஏற்றுகிறவர் வயலிலிருந்து அதுவும் ஏறிப் போகிறது. அவரிடம் போய் 'மண்ணில் எல்லாம் இருக்கிறது' என்று சொன்னால் பயிர் ஒத்துக்கொள்ளாது.

பசுந்தாள்

வைக்கோல் கணக்கை நான் இப்படி எண்ணிப் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் உருளை கட்டி விற்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அவர்களிடம் சொல்ல ஒரு எண் கிடைத்தது. பள்ளத்து வயல் விஷயத்தில், நான் மடக்கி உழுது பதினைந்து நாள் விட்டுத்தான் நடுகிறேன். அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சுக்கான்மேடு

அண்ணன்மார்களே, நான் உடுமலைப் பக்கம். எங்கள் பிரச்சினை நேர் எதிர். கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்ததிலிருந்து பார்க்கிறேன், சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) உள்ள பாத்திகளில் நிலக்கடலையும் கரும்பும் குருத்து வெளுத்து வருகின்றன. நரம்பு மட்டும் பச்சை, நடுவில் மஞ்சள், முற்றினால் காகிதம் போல வெள்ளை. அடி இலை பச்சையாகவே இருக்கிறது. அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டோம். ஒன்றும் ஆகவில்லை. இதற்கும் ஜிங்க் தெளிக்கலாமா?

மண்_ஆய்வகம்

வேண்டாம் அம்மா. இது இரும்பு. நீங்களே விடையின் பாதியைச் சொல்லிவிட்டீர்கள்: புது இலை வெளுக்கிறது, அடி இலை பச்சை.

இலையைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்க நினைப்பவர்கள் முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தழை, மணி, சாம்பல், மக்னீசியம் இவற்றைச் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுத்துவிடும். அதனால் குறை அடியில் தெரியும். இரும்பு, போரான், சுண்ணாம்புச்சத்து இவற்றை ஒருமுறை ஓரிடத்தில் வைத்துவிட்டால் செடி நகர்த்தாது. அதனால் குருத்தில் தெரியும். துத்தநாகம் நடுவில் நிற்கும். நெல்லில் கீழ் இலையில் கறை, மேல் இலையில் வெளுப்பு என்று இரண்டும் வருவதற்குக் காரணம் அதுதான். மக்காச்சோளத்தில் குருத்து வெள்ளையாக வரும்.

சுண்ணாம்பு மண்ணில் அன்னபேதியைப் போட்டால் சில நாளிலேயே துருவாகிவிடும். துரு கரையாது. உங்கள் பணம் மண்ணில் செந்நிறமாகக் கிடக்கும், செடிக்குப் போகாது. இலை வழிதான் கொடுக்க வேண்டும். 10 லிட்டருக்கு 100 கிராம் அன்னபேதி, 10 கிராம் சிட்ரிக் அமிலம். எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைப்பதே அது. கரைத்த உடனே தெளியுங்கள், மாலை நேரத்தில். கரைசல் பழுப்பாகிவிட்டால் கொட்டிவிட்டு வேறு கரையுங்கள். கடலைக்கு விதைத்த 30, 40, 50-வது நாள்களில் தெளிக்கச் சொல்வார்கள்.

சொட்டுநீரில் விடுவதென்றால் பையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். இ.டி.டி.ஏ. என்று போட்டதில், இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் பொருள் பிஎச் 6.5-க்கு மேல் பிடி விட்டுவிடும். சுக்கான் நிலத்தில் அது வீண். இ.டி.டி.எச்.ஏ. என்று போட்டது சுண்ணாம்பு மண்ணிலும் தாங்கும். விலை அதிகம், ஆனால் வேலை செய்யும். இரண்டுக்கும் பெயர் ஒன்று போலவே இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்.

சுண்ணாம்பு எவ்வளவு என்று தெரிய, ஒரு பிடி மண்ணில் வினிகரை விடுங்கள். நன்றாக நுரைத்தால் நுண்ணூட்டத்தை மண்ணில் போடும் திட்டத்தை மறுபரிசீலனை செய்யுங்கள்.

சுக்கான்மேடு

நுரைக்கிறது ஐயா. நிறையவே. கரும்புக் கட்டையில் இன்னும் அதிகமாக வெளுப்பதும் இதனால்தானா? வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பில்தான் ரொம்பத் தெரிகிறது.

மண்_ஆய்வகம்

ஆமாம். மறுதாம்பில் புது வேர் வருவதற்குள் துளிர் வந்துவிடும். பழைய வேர் இரும்பை எடுக்கும் நிலையில் இல்லை. துளிர் வந்த ஒரு மாதத்துக்குள் இரண்டு மூன்று முறை தெளித்துவிடுங்கள். இரும்பு பச்சையத்தின் உள்ளே இருப்பதில்லை. ஆனால் பச்சையம் உருவாக அது இல்லாமல் முடியாது. அதனால் பழைய வெள்ளை இலை முழுக்கத் திரும்பாது, அடுத்து வரும் இலையைப் பாருங்கள்.

உரக்கடை_தஞ்சை

நானும் உரக்கடை வைத்திருப்பவன். மேலே கடைக்காரர்களைப் பற்றி எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை, பாட்டில் விற்கும் பழக்கம் எங்கள் தொழிலில் இருப்பது உண்மை. வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஜிங்க் சல்பேட் இரண்டு வகை. பெரிய படிகமாக வருவதில் துத்தநாகம் 21 சதவீதம். மாவு போல வருவதில் 33 சதவீதம். 25 கிலோ பரிந்துரை 21 சதவீதத்துக்குச் சொன்னது. 33 வாங்கினால் ஏறக்குறைய 16 கிலோ போதும். இதைச் சொல்லாமல் ஒரே அளவில் விற்கிறார்கள். 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி பையில் இந்தச் சதவீதம் அச்சிட்டிருக்க வேண்டும். இல்லாத பையைத் தொடாதீர்கள். பாட்டிலிலும் அப்படியே. 'எல்லாச் சத்தும்' என்று எழுதியிருக்கும். ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று பார்த்து, ஒரு கிலோ துத்தநாகம் என்ன விலைக்கு வருகிறது என்று கணக்கிட்டால் ஜிங்க் சல்பேட் பையை விடப் பல மடங்கு வரும்.

அடுத்தது கலப்படம். ஜிங்க் சல்பேட்டில் மக்னீசியம் சல்பேட் கலப்பார்கள், பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலை குறைவு. வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு டம்ளரில் டிஏபி கரைத்துத் தெளிந்த நீரை எடுங்கள். இன்னொரு டம்ளரில் ஜிங்க் சல்பேட் கரைசல். இரண்டையும் சேர்த்தால் நல்ல ஜிங்க் சல்பேட் கெட்டியாகத் திரிந்து படியும். வெறும் மக்னீசியம் சல்பேட் அப்படித் திரியாது. வேளாண்மைத் துறையில் வேறு சோதனையும் சொல்வார்கள்: ஜிங்க் கரைசலில் காஸ்டிக் சோடா கொஞ்சம் விட்டால் வெள்ளையாகக் கஞ்சி போல் திரளும், காஸ்டிக் இன்னும் அதிகம் விட்டால் திரண்டது கரைந்துவிடும். மக்னீசியம் என்றால் கரையாது. காஸ்டிக் கையில் படக்கூடாது, குழந்தைகள் பக்கத்தில் செய்யாதீர்கள்.

அந்த டம்ளரில் திரிவதைப் பார்த்தாலே இன்னொன்றும் புரியும். டிஏபியையும் ஜிங்க்கையும் ஒன்றாகக் கலந்து வயலில் வீசினால் அங்கேயும் இதே திரிதல்தான். ஜிங்க்கை 50 கிலோ காய்ந்த மணலில் கலந்து கடைசி உழவுக்குப் பின், நடவுக்கு முன் தனியாகத் தூவுங்கள்.

வண்டல்

இதை அச்செடுத்து எங்கள் சங்கத்தில் ஒட்டப்போகிறேன். நன்றி கடைக்கார அண்ணா.

தோப்புக்காரர்

தென்னைக்கும் இங்கே கேட்கலாமா? பொள்ளாச்சிப் பக்கம். கன்று வைத்து ஐந்து வருடம் ஆன சில மரங்களில் குருத்து விரியாமல் குட்டையாகி, ஓலையின் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டு வருகின்றன. பெரிய மரங்களில் குரும்பை உதிர்கிறது, ஒல்லிக்காய் அதிகம். மண் செம்மண் கலந்த மணல்.

மண்_ஆய்வகம்

போரான் குறைக்கு நீங்கள் சொல்வதுதான் படம். போரான் இல்லாமல் செல்சுவர் ஒழுங்காகக் கட்டப்படாது, அதனால் இளம் இதழ்கள் பிரிய முடியாமல் நிற்கின்றன. மகரந்தக் குழாய் நீளவும் அது வேண்டும், அதனால் காய்ப்பிடிப்பு போகிறது. மணல் மண்ணில் மழை கழுவிக்கொண்டு போய்விடும். வெயில் காலத்தில் மேல்மண் காய்ந்தாலும் வேர் எடுக்க முடியாது.

மரத்துக்கு 50 கிராம் வெண்காரம் (போரான் உள்ள போராக்ஸ்), தூரைச் சுற்றிப் பாத்தியில் ஈரம் இருக்கும்போது. இதில் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று: கையால் அள்ளிப் போடாதீர்கள், எடை போடுங்கள். எல்லா நுண்ணூட்டத்திலும் போரானுக்குத்தான் குறைக்கும் நச்சுக்கும் நடுவில் இடம் மிகக் குறைவு. கூடிவிட்டால் பழைய ஓலையின் நுனியும் ஓரமும் கருகும். அதைத் திருப்பி எடுக்க மருந்து இல்லை, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவதுதான் வழி. கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் அதிலேயே போரான் இருக்கலாம், தண்ணீரைச் சோதிக்காமல் போடவே போடாதீர்கள்.

நீலகிரி_காய்கறி

நாங்கள் காலிஃபிளவரில் பார்ப்பது வேறு மாதிரி. இலைப் பரப்பு சுருங்கி நடு நரம்பு மட்டும் சாட்டை போல நீண்டு நிற்கும். சுண்ணாம்பு போட்ட பாத்தியில் வருவதில்லை. சமவெளியில் சுண்ணாம்பால் கெடுகிறது என்கிறீர்கள், எங்களுக்கு அது மருந்தாகிறது. குழப்பமாக இருக்கிறது.

வேளாண்_மாணவி

அக்கா, இது மாலிப்டினம். மற்ற நுண்ணூட்டங்கள் அமில மண்ணில் நன்றாகக் கரையும், மாலிப்டினம் மட்டும் எதிர்த்திசை. பிஎச் ஏற ஏறத்தான் கிடைக்கும். நீலகிரி மண் அமிலம், சுண்ணாம்பு போட்டதும் மண்ணிலேயே இருந்தது விடுபடுகிறது.

இதற்கு ஒரு பெரிய சான்று தெற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 1942-ல் ஏ.ஜே. ஆண்டர்சன், மேய்ச்சல் நிலத்தில் குளோவர் என்ற பயறு வகைத் தீவனச் செடி வளராமல் கிடந்த இடத்தில் மாலிப்டினம் இட்டுப் பார்த்தார். ஏக்கருக்குச் சில பத்து கிராம் அளவிலேயே போதும் என்பது பின்னால் தெரிந்தது. வேர் முடிச்சில் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் நொதிக்கு மாலிப்டினம் வேண்டும். அது இல்லாததால் குளோவர் தழைச்சத்துப் பட்டினியில் கிடந்தது. அதே மாகாணத்தில் தொண்ணூறு மைல் பாலை என்று அழைத்த பகுதியில் செம்பும் துத்தநாகமும் சேர்த்த பிறகு மேய்ச்சல் நிலமாயிற்று. அங்கே மழை இருந்தது. மண்ணில் சில கிராம் இல்லாததால் அந்த இடத்துக்குப் பாலை என்று பெயர். உளுந்து, தட்டைப்பயறு போடுகிறவர்களும் அமில மண்ணில் முடிச்சைப் பிளந்து பாருங்கள், உள்ளே சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது.

கோரையாறு

தகவல் சொல்ல வந்தேன். தண்ணீரை வடித்துக் காயவிட்டு, ஐயா சொன்ன அளவில் தெளித்தேன், ஒரு கீற்றை விட்டுவைத்தேன். தெளித்த இடத்தில் புது இலை வெளுப்பில்லாமல் வருகிறது, பக்கத் தூர் எட்டிப்பார்க்கிறது. விட்ட கீற்றும் தண்ணீர் வடிந்ததில் கொஞ்சம் தேறியிருக்கிறது, ஆனால் வித்தியாசம் வரப்பில் நின்று பார்த்தாலே தெரிகிறது. பாட்டில் வாங்கவில்லை.

இப்போது அடுத்த சந்தேகம். வீட்டில் மண்வள அட்டை இருக்கிறது. அதில் துத்தநாகம் 0.9 என்று போட்டு, 'போதுமானது' என்று இருக்கிறது. அப்படியானால் அட்டை தவறா?

மண்_ஆய்வகம்

அட்டை தவறு என்று சொல்ல மாட்டேன். மூன்று விஷயம் இருக்கிறது.

முதலாவது, 0.9 என்பது மண்ணில் உள்ள மொத்தம் அல்ல, டி.டி.பி.ஏ. என்ற கரைசல் பிடித்து எடுத்த பங்கு, பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில். லிண்ட்சே, நார்வெல் இருவரும் 1978-ல் வெளியிட்ட முறை. நாட்டில் பொதுவாக 0.6-க்குக் கீழ் என்றால் குறை என்பார்கள். தமிழ்நாட்டில் நம் மண்ணுக்கும் பயிருக்கும் பார்த்து வைத்த எல்லை 1.2. ஆகவே உங்கள் 0.9 ஒரு கணக்கில் தேறும், இன்னொரு கணக்கில் தேறாது. எந்த எல்லையும் சுவர் இல்லை. எல்லைக்குக் கீழே போகப்போக, உரமிட்டால் பயிர் பதில் சொல்லும் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவே. நெல்லுக்கு, அதிலும் தேங்கும் களிக்கு, நான் 1.2-ஐத்தான் பார்ப்பேன்.

இரண்டாவது, அந்த மாதிரி யார் வயலில் எடுத்தது? மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கியபோது வைத்த விதி, பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று. ஆறு ஏக்கரில் உங்கள் பள்ளமும் பக்கத்து வீட்டுக்காரர் மேடும் ஒரே எண்ணுக்குள் வந்துவிடும். பன்னிரண்டு அளவுகள் அச்சிட்டு விவசாயி கையில் கொடுத்தது நல்ல காரியம், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பள்ளத்துக்குத் தனி மாதிரி நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, காய்ந்த மண்ணைச் சலித்து ஆய்வகத்தில் அளக்கிறார்கள். உங்கள் பயிர் நிற்பது தண்ணீர் தேங்கிய மண்ணில். மாதிரியில் கிடைத்தது வயலில் கிடைக்காமல் போகலாம்.

அறுவடைக்குப் பின் எடுங்கள். வரப்பு, வாய்க்கால், எருக்குழி, மர நிழல் பக்கம் வேண்டாம். மேல் சருகைத் தள்ளிவிட்டு அரையடி ஆழத்துக்கு 'வி' போல வெட்டி, ஓரத்தைச் சீவி எடுங்கள். நுண்ணூட்டத்துக்கு எடுக்கும்போது துத்தநாகம் பூசிய வாளியும் தகரமும் துருப்பிடித்த மண்வெட்டியும் ஆகாது, அந்தத் துத்தநாகமும் இரும்பும் கணக்கில் ஏறிவிடும். மரக்குச்சி, பிளாஸ்டிக் வாளி போதும். பத்துப் பதினைந்து இடத்து மண்ணைக் கலந்து நான்காகப் பிரித்து எதிரெதிர் பாகங்களை நீக்கி, அரைக் கிலோ வரும்வரை அப்படியே செய்யுங்கள். பள்ளம் ஒரு பை, மேடு ஒரு பை.

முடிவில் 1.2-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த பட்டத்துக்கு ஜிங்க்கை நிறுத்திவையுங்கள். 25 கிலோவில் துத்தநாகம் ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கிறது. ஆறு டன் விளைந்தாலும் பயிர் எடுப்பது 300 கிராம். மிச்சம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல அடுத்த பயிர்களுக்கு வரும். போகத்துக்குப் போகம் பழக்கத்தில் கொட்டுவது பணத்துக்கும் நல்லதல்ல, மண்ணுக்கும் நல்லதல்ல.

வேளாண்_மாணவி

ஒரு வேண்டுகோள் மட்டும். வீட்டுச் சாப்பாட்டுக்கு வைக்கும் நெல்லுக்காவது பூக்கும் சமயத்திலும் பால் பிடிக்கும் சமயத்திலும் ஒரு முறை ஜிங்க் தெளிக்க முடியுமா என்று பாருங்கள். மகசூல் கூடாவிட்டாலும் அரிசியில் துத்தநாகம் கொஞ்சம் ஏறும். துருக்கியின் மத்திய அனடோலியாவில் கோதுமை நிலத்துத் துத்தநாகக் குறையை 1990-களில் இஸ்மாயில் சாக்மக்கும் குழுவினரும் ஆராய்ந்தார்கள். மண்ணில் குறைந்தது கோதுமையிலும், கோதுமையில் குறைந்தது அதையே நம்பிச் சாப்பிட்ட பிள்ளைகளிடமும் தெரிந்தது. நம் ஊரிலும் மூன்று வேளையும் அரிசிதான். ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் 2016-ல் வெளியிட்ட டி.ஆர்.ஆர். தன் 45 போன்ற துத்தநாகம் கூடிய ரகங்களும் இருக்கின்றன. மண்ணில் இல்லாமல் ரகம் மட்டும் என்ன செய்யும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தோப்புக்காரர்

ஐயா, மண் மாதிரி அரையடி என்று எழுதியிருக்கிறீர்கள். தென்னைக்கும் அதே ஆழமா? போரான் பார்க்கக் கொடுக்கப்போகிறேன்.

மண்_ஆய்வகம்

மரப்பயிருக்கு அது போதாது. தூரிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, ஒன்று, இரண்டு, மூன்று அடி ஆழங்களில் தனித்தனியாக எடுத்து மூன்று பையாகக் கொடுங்கள். போரானுக்கு என்று படிவத்தில் தனியாக எழுதிக் கேளுங்கள், அது வெந்நீரில் கரைத்து அளக்கும் வேறு சோதனை. நம் பக்கம் 0.46 பி.பி.எம்.-க்குக் கீழே என்றால் குறை. அதே நாளில் கிணற்றுத் தண்ணீரும் ஒரு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுபோங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், சில வகைக் கண்ணாடியிலேயே போரான் உண்டு.